சொல்லுக்காட்டில் ஒரு பெரியப்பா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் வாயால் ஒரு கலியாணம் நின்றது. இன்னொரு கலியாணம் நடந்தது. எங்கள் குடும்பத்தில் இதை யாரும் மறுப்பதில்லை. என் அண்ணன் மட்டும், "அதெல்லாம் தானா நடந்தது, இவ என்னமோ வெட்டி முறிச்ச மாதிரி பேசுறா" என்பான். அவன் அன்று தோப்பிலேயே இல்லை. பம்பரம் விட வாய்க்கால் மேட்டுக்குப் போயிருந்தான். இல்லாதவன் பேச்சுக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

மதுரைக்கு மேற்கே காளவாசல் தாண்டி எங்கள் வீடு. இப்போது அந்தப் பக்கம் கடையும் வண்டியுமாக நிற்க இடமில்லை. அப்போது சூளைப் புகையைத் தாண்டினால் வயல்தான். வயலைத் தாண்டினால் எங்கள் இலுப்பைத் தோப்பு. வெள்ளைக்காரன் நாட்டை ஆள்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தோப்பை ஆண்டது வௌவால்கள்தான். ஆனி மாதத்தில் இலுப்பை பழுத்தால், ராத்திரியெல்லாம் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். விடிந்ததும் பெண்கள் வந்து பொறுக்குவார்கள். வெயில் ஏறியதும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, கொட்டையைக் கல்லில் தட்டித் தோட்டை நீக்கிப் பருப்பை எடுப்பார்கள். பருப்பு மூட்டை ஆரப்பாளையத்துச் செக்குக்குப் போகும்.

அந்த வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து கதை சொன்னவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவளை வண்டியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கட்டியவர் வருசம் திரும்புவதற்குள் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் இல்லை, அதனால் அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எங்கள் ஆட்களில் தாலி இழந்தவளுக்கு மறுபடி தாலி கட்டுவது வழக்கம்தான், அதில் கேவலம் எதுவும் கிடையாது. ஆனால் யார் கட்டுவது என்பதை அவளைக் கேட்டு முடிவு செய்கிற வழக்கம் மட்டும் இல்லை.

அத்தை வீட்டில் வாயே திறக்க மாட்டாள். கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுவாள், அம்புட்டுத்தான். தோப்புக்குள் கால் வைத்துவிட்டால் வேறு ஆள். புலியாக உறுமுவாள், கிழவியாக இருமுவாள், குதிரையாகக் கனைப்பாள். கூலி குறைவாக இருந்தும் அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் தோப்புக்குத்தான் வேலைக்கு ஓடி வந்தார்கள். அப்பாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

கதை கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும். எல்லாரும் கொட்டினால் சந்தை இரைச்சலாகிவிடும் என்று அந்த வேலைக்கு என்னை வைத்திருந்தாள் அத்தை. நான் 'உம்' சொல்லாவிட்டால் கதை நகராது. ராசா தூக்கிய கத்தியோடு அப்படியே நிற்பார். பெண்களெல்லாம், "ஏ புள்ள, உம் கொட்டுடி, அந்த மனுசன் கை வலிக்கப்போகுது" என்று கத்துவார்கள். அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தையின் கதைகளெல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். ஏழு ஆறு தாண்டி, ஏழு மணல்மேடு தாண்டி ஒரு காடு. அதற்குச் சொல்லுக்காடு என்று பெயர். அங்கே பொழுது சாய்ந்தால் மரங்கள் காலை நீட்டி உட்காரும், ஆந்தை வெற்றிலை போடும். காட்டின் நடுவில் ஒரு பொட்டல். ராசா, திருடன், புலி, முயல், பேய் எல்லாரும் அங்கே கூடிக் கதை சொல்வார்கள். அந்தப் பொட்டலில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, கடிக்கவும் கூடாது. யாருக்கும் பெயர் கிடையாது, முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஒருவர் இன்னொருவரை அண்ணே என்றோ மாமா என்றோ கூப்பிட்டு, எதிராளி 'உம்' என்று சொல்லிவிட்டால் அந்த முறை நிலைத்துவிடும். அப்புறம் அந்தப் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

"நம்ம தோப்புல இது செல்லுமா அத்தை?" என்று கேட்டேன்.

"செல்லாம? இதுவும் சொல்லுக்காட்டுல ஒரு துண்டுதான்டி. வௌவாலு அங்க தின்ன பழத்தோட கொட்டைய இங்க வந்து போட்டுத்தானே இந்த மரமெல்லாம் முளைச்சுச்சு."

பெண்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் மாமியாரை, "ஏ மருமகளே" என்று கூப்பிட, கொட்டை தட்டும் மும்முரத்தில் அந்த அம்மாள் 'ம்' என்று சொல்லிவிட்டாள். அன்று பொழுது சாயும்வரை மாமியார்தான் எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கண்ணால் பார்த்தேனே, சட்டம் பலித்ததை!

பருப்பு மூட்டையை ஏற்ற மத்தியானம் வண்டி வரும். வண்டிக்காரர் என் மாமா, அம்மாவின் தம்பி. நிலம் நீச்சு கிடையாது. ஒரு வண்டி, இரண்டு காளை, கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு, அவ்வளவுதான் சொத்து. அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு தடவை அப்பா ஊரார் முன்னால் வாய்க்காலில் வழுக்கி மல்லாக்க விழுந்தபோது மாமா சிரித்துவிட்டார். எல்லாரும்தான் சிரித்தார்கள், ஆனால் மச்சினன் சிரித்ததை அப்பாவால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அப்பா மாமாவிடம் சொல்ல வேண்டியதைக் காளையிடம் சொல்வார். "ஏ காளை, உன் மொதலாளிகிட்டச் சொல்லு, நாளைக்கு வெரசா வரணும்." மாமாவும் காளையிடமே, "சரின்னு சொல்லு காளை" என்பார்.

வண்டி வந்து நின்றதும் அத்தையின் குரல் ஏறும். அது ஏன் என்று நான் யோசித்ததில்லை. மாமா மூட்டையை ஏற்றிவிட்டும் போகமாட்டார். குனிந்து சக்கரத்தின் கடையாணியைத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தக் கடையாணி ஒரு நாளும் கழன்றதில்லை. கதை முடிந்து நாங்கள் எழுந்த பிறகுதான் அது அவருக்கு இறுகும்.

அந்த ஆனியில் அத்தைக்குச் சோழவந்தானிலிருந்து ஒரு இடம் வந்தது. மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். சொந்தத்தில் வெற்றிலைக் கொடிக்கால், ஓட்டு வீடு. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எந்தங்கச்சி ராணி மாதிரி இருப்பா" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அத்தை தலையை ஆட்டினாள். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அத்தை அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுததை நான் பார்த்தேன்.

"மதினி, எனக்குச் சோழவந்தானும் வேணாம், கொடிக்காலும் வேணாம். அங்க போறதுக்கு இந்தக் கெணத்துல விழுந்துருவேன்."

"நான் என்னத்தடி செய்ய? எந்தம்பி பேரை எடுத்தாலே உங்கண்ணன் சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிக்கிறாரு" என்று அம்மாவும் அழுதாள்.

இதில் தம்பி பேச்சு எதற்கு வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அத்தைக்குப் போக இஷ்டமில்லை, போனால் செத்துப்போவாள் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அவள் போய்விட்டால் சொல்லுக்காடும் அவளோடு போய்விடுமே!

மறுநாள் அத்தை சொன்ன கதையில் ஒரு பெண்ணைப் புலிராசாவுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அவள் பொட்டலுக்கு ஓடுகிறாள். புலியும் மாலையை வாயில் கவ்விக்கொண்டு பின்னாலேயே வருகிறது. வந்து உட்கார்ந்து கொட்டாவி விடுகிற நேரம் பார்த்து அந்தப் பெண், "அண்ணே!" என்று கூப்பிட, புலி கொட்டாவியோடு 'உம்' என்றுவிடுகிறது. தீர்ந்தது. தங்கையாகிப் போனவளைப் புலி எப்படிக் கட்டும்? அண்ணன் முறைக்குச் சேலை எடுத்துக்கொடுத்து, ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவைக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வழி கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். மாப்பிள்ளை முன்னால் அத்தை வாய் திறக்க மாட்டாள், 'அண்ணே' என்று கூப்பிடவும் மாட்டாள். அப்படியானால் நான்தான் கூப்பிட வேண்டும். நான் என்னவென்று கூப்பிட்டால் அவர் அத்தைக்கு அண்ணன் ஆவார்? படுத்துக்கொண்டு யோசித்தேன். அத்தைக்கு அண்ணன் எனக்கு அப்பா. அப்பா ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார். அப்பாவுக்கு அண்ணன் என்றால் எனக்குப் பெரியப்பா. அவர் அத்தைக்கும் அண்ணன்தானே! பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத எனக்கு இந்தக் கணக்கு மட்டும் பிசகாமல் வந்தது.

வெற்றிலை பாக்கு மாற்ற மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று வீட்டுக்குள் ஒரே புழுக்கம். "தோப்புல ஜமுக்காளத்த விரிச்சா காத்தாட இருக்குமே" என்று அம்மா சொன்னாள். தன் மரங்களைச் சம்பந்திக்குக் காட்டலாம் என்று அப்பாவும் உடனே ஒத்துக்கொண்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வீட்டில் வைத்து அந்தச் சட்டம் செல்லுமோ செல்லாதோ என்றுதான் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புலிபோல மீசையோடு ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் சாதுவாக இருந்தார். அப்பாவைவிடக் கொஞ்சம் மூப்பு, காதில் கடுக்கன், அடிக்கடி தும்மல். அவரோடு அவருடைய அம்மா வந்திருந்தார். அந்த அம்மாள் கண்ணை ஓடவிட்டே தோப்பை விலை போட்டுவிட்டார். தட்டில் அவர்கள் கொடிக்கால் வெற்றிலை, வாழைநாரில் கட்டின கட்டுக் கட்டாக. அத்தை ஒரு மரத்தை ஒட்டித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டை உடைக்கும் பெண்கள் தள்ளி உட்கார்ந்து, கை கல்லிலும் காது இங்கேயுமாக இருந்தார்கள். மூட்டை ஏற்ற வந்த மாமா வண்டிக்கு அந்தப் பக்கம் கடையாணியைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்று கொஞ்சம் ஓங்கியே தட்டினார்.

அம்மா பானகச் செம்பை என் கையில் கொடுத்தாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "மாமாவுக்குக் குடு பாப்பா. மாமான்னு கூப்பிட்டுக் குடு" என்றார்.

நான் மாப்பிள்ளைக்கு நேராகப் போய் நின்று, தோப்பு முழுக்கக் கேட்கும்படி, "பெரியப்பா!" என்றேன்.

அவர் ஒரு தும்மலை அடக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "உம்... குடு தாயி" என்று கையை நீட்டினார்.

தட்டுகிற சத்தமெல்லாம் நின்றது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னாடி இது, கட்டிக்கப்போறவனைப் பெரியப்பாங்குது? அண்ணன் தங்கச்சி முறையாயிருச்சே! நல்ல காரியம் பேச வந்த எடத்துல இப்படி ஒரு வாயா?"

"சின்னக் கழுதைங்க, தெரியாமச் சொல்லிருச்சு" என்று அப்பா என் காதைப் பிடித்தார். "மாமான்னு சொல்லுடி!"

"மாட்டேன். அவுக உம் சொல்லிட்டாக. இனிமே மாத்த முடியாது."

அப்பா கையை ஓங்கிவிட்டார். அவர்தான், அந்த மாப்பிள்ளைதான், எழுந்து அந்தக் கையைப் பிடித்தார். "விடுங்க மச்சான், பச்சப்புள்ள" என்று சொல்லிவிட்டு, என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "உம் சொன்னா ஏன் தாயி மாத்த முடியாது?"

இப்படி ஒரு கேள்வி கேட்டால் நான் விடுவேனா? சொல்லுக்காட்டை முதலிலிருந்து சொன்னேன். மரம் காலை நீட்டுவதையும், ஆந்தை வெற்றிலை போடுவதையும், முறைச் சட்டத்தையும், புலிராசா மாலையைக் கவ்விக்கொண்டு வந்ததையும் சொன்னேன். புலி வந்த இடத்தில் அத்தை மாதிரியே உறுமியும் காட்டினேன். அவர் ஒவ்வொரு இடத்திலும் சரியாக 'உம்' கொட்டினார். அவருக்கு நன்றாகக் கொட்டத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

"கடைசியா அந்தப் பொண்ணு எங்க போச்சு?" என்று கேட்டார்.

"வண்டில ஏறிப் போயிருச்சு."

"எந்த வண்டில?"

கதையில் அதை அத்தை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வண்டி ஒன்றுதான், அதனால் அதைக் கைகாட்டினேன். வண்டிக்கு அந்தப் பக்கம் சிவப்புத் துண்டு மட்டும் தெரிந்தது. அவர் அந்தத் துண்டைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை சேலை முந்தியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

அவர் பானகத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பை என்னிடம் கொடுத்தார்.

"ஆத்தா, எந்திரிங்க. முறையாகிப்போச்சு" என்றார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? வீட்டுல மூணு புள்ளைக..." என்று அவருடைய அம்மா ஆரம்பித்தார். அவரைக் கையமர்த்திவிட்டு மாப்பிள்ளை அப்பாவிடம் திரும்பினார். சற்று முன்பு மச்சான் என்று சொன்ன வாய்தான்.

"தம்பி, புள்ள வாயில வந்த முறைய நான் ஏத்துக்கிட்டேன். உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சி. அது மனசு எங்க இருக்குன்னு கேட்டு வெரசா ஒரு நல்லதப் பண்ணு. அண்ணன் சேலையோட வாரேன்."

வெற்றிலைக் கட்டுகளைத் திரும்ப எடுக்கவே இல்லை. "கலியாணத்துக்கு ஆகும்" என்று தட்டோடு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வண்டி மேட்டில் ஏறி மறையும்வரை எனக்கு ஒரே சந்தோசம். சட்டம் பலித்துவிட்டது! புலிகூட மீற முடியாத சட்டத்தை இந்தத் தும்மல்காரர் எப்படி மீறுவார்?

அன்று அப்பாவிடம் எனக்குச் செமத்தியாகக் கிடைத்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வைப்பாள், பேச்சு வைக்க மாட்டாள். ஆடி முழுக்க வீடு அப்படியே கிடந்தது. ஆடி கழியப்போகிற சமயம், அப்பா தோப்பில் வண்டிக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏ காளை, உன் மொதலாளி என் தங்கச்சியக் கட்டிக்கிறாராமான்னு கேளு."

மாமா கடையாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அவர் பதில் சொல்வதற்குள் காளை ஈயை விரட்டத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. "அது கெடக்கு மச்சான், அது மாடு! நான் கட்டிக்கிறேன்" என்று மாமா அலறினார். கொட்டை உடைக்கும் பெண்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த வௌவாலெல்லாம் பட்டப்பகலில் கிளம்பிவிட்டது. அப்பாவும் சிரித்தார்.

ஆவணியில் கலியாணம். எனக்கு ஒரு முறையும் மாறவில்லை. அத்தை அத்தையாகவே இருந்தாள், மாமா மாமாவாகவே இருந்தார். நான் பந்தலில் தலை கால் புரியாமல் திரிந்தேன். இந்தக் கலியாணம் யாரால் நடக்கிறது என்று வந்தவர்களையெல்லாம் பிடித்துச் சொன்னேன்.

சோழவந்தான் பெரியப்பா சொன்னபடியே சேலையோடு வந்தார். அவர் அம்மா வரவில்லை. மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். மூத்தவள் என் வயதுக்காரி. அவளுடைய வகிடு நெற்றியில் சரியாகப் புறப்பட்டு, பாதியில் வழி தவறிக் காதுப் பக்கம் போயிருந்தது. சடை மேலே தொளதொளவென்று தடித்தும் கீழே கயிறு மாதிரி இறுகியும் கிடந்தது. ரிப்பன் இல்லை. நுனியில் வெற்றிலைக் கட்டுக்குக் கட்டுகிற வாழைநார் கட்டியிருந்தது.

"யாருடி இப்படிப் பின்னிவிட்டா?" என்றேன்.

"எங்கப்பா."

"ஆம்பளையா சடை பின்னுனாரு!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மற்றப் பெண்களையும் கூப்பிட்டு அந்த வாழைநாரைக் காட்டினேன். அவளும் எங்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் போய்ப் பந்தக்கால் ஓரம் உட்கார்ந்துகொண்டாள்.

தாலி ஏறிய மஞ்சள் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்த அத்தை அவளைக் கை காட்டிக் கூப்பிட்டாள். முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, சிக்கெடுத்து, எண்ணெய் தொட்டு, நேர் வகிடு எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். பெரியப்பா கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பந்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கலியாணத்தை நடத்திவைத்தவள் நான். என் அத்தை யாரோ ஒருத்திக்குத் தலை பின்னுகிறாள். நானும் என் சடையை அவிழ்த்துக்கொண்டு போய் நின்றேன்.

"அத்தை, எனக்கு?"

"உனக்குத்தான் உங்கம்மா இருக்காள்ல. போ" என்றாள் அத்தை. நிமிராமலே அடுத்த பின்னலைப் போட்டாள்.

இது என்ன பதில்? அம்மா எல்லாருக்கும்தானே இருக்கிறாள், இதைப் போய் ஒரு காரணமாகச் சொல்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே பாயசம் குடிக்கப் போனேன்.